ராணி அக்கா நுழையும் இடம்

யாங்கோனில் இறங்கியதும் முதல் வேலையாகக் கைப்பைக்குள் கையை விட்டு ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். விமானத்திலேயே பலமுறை பார்த்தாயிற்று. துணிமணி தொலைந்தால் ஒரு கைலி வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அந்த ஊரில் ஆபீசர் முதல் கூலிக்காரர் வரை எல்லாரும் கைலிதான். டிஸ்க் தொலைந்தால்? செத்துப்போன மனிதரின் குரலை எந்தக் கடையில் போய் வாங்குவது?

அந்த மனிதர் காசிம் பாய். யாங்கோன் தமிழர், ஜமைக்காக் கறுப்பர்களின் ரெகே இசையைப் பர்மிய மொழியில் பாடியவர். நுரையீரல் வைத்தியத்துக்காகச் சென்னைக்கு வந்திருந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும் நாட்களில் சாலிகிராமத்தில் என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்துவிடுவார். எங்கள் ஆட்களை வாசிக்க வைத்துச் சில பாட்டுகள் பதிவு செய்தார். கடைசிப் பாட்டை முடித்த மறு வாரமே போய்விட்டார். போவதற்கு முன் என் கையைப் பிடித்து, "ராணி குரல் சேராம இந்தப் பாட்ட வெளிய விட்றாதீங்க தம்பி. அது இல்லாம நான் பாதி ஆளு" என்றார். ராணி, முப்பது வருஷம் அவருக்குப் பின்னால் நின்று துணைக்குரல் பாடியவர். "சரி பாய்" என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டேன். அந்த வாய்தான் என்னை இங்கே கொண்டுவந்து தள்ளியது.

இணையத்தில் அனுப்பித் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பிப் பார்த்தோம். அங்கே மின்சாரம் இருந்தால் இணையம் இல்லை, இணையம் இருந்தால் மின்சாரம் இல்லை. இரண்டும் இருந்தால் ராணி அக்கா வேலையில் இருந்தார்.

யாங்கோன் டாக்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வண்டிகள் ஓடுவது சாலையின் வலது பக்கம். ஆனால் ஸ்டியரிங்கும் நம்மூர் மாதிரி வலது பக்கமே இருக்கிறது. அதனால் முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரியும். நான் "ஐயோ" என்றால் அவர் உள்ளே ஒதுங்குவார். பேச்சு வார்த்தை இல்லாமல் இருவரும் இப்படியே ஊருக்குள் வந்து சேர்ந்தோம். வழியில் இரண்டு இடத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நிறுத்தி உள்ளே பார்த்தார்கள். அப்போது "ஐயோ" கூட வரவில்லை.

மறுநாள் காலை மொஹிங்கா சாப்பிட்டேன். வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பில் மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே பொரித்த பருப்புவடையை நொறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். சென்னைப் பர்மா பஜாரில் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டே பர்மாவைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, இரண்டாவது கிண்ணமும் கேட்டேன்.

ராணி அக்கா போனில் பேசினார். கணீரென்ற குரலை எதிர்பார்த்தேன். மெதுவாக, காற்று கலந்து வந்தது. "சாயங்காலம் ஃபெரியில வந்துருவேன் தம்பி. போட்டாதாங்ல எறங்கிக்கிறேன். அங்கனயே நில்லுங்க."

நான் போட்டாதாங் படகுத்துறைக்குப் போய் நின்றேன். ஆற்றின் அந்தக் கரையிலிருந்து ஃபெரிகள் வந்தன. முட்டைக்கூடை இறங்கியது, சைக்கிள் இறங்கியது, கன்னத்தில் சந்தனம் போலத் தனகா பூசிய பெண்கள் இறங்கினார்கள். ராணி அக்கா மட்டும் இறங்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. முழுக்க நனைந்த பிறகு போன் வந்தது.

"எங்க தம்பி இருக்கீங்க? நான் எறங்கி எவ்ளோ நேரமாச்சு!"

"படகுத்துறையிலதான்கா நிக்கிறேன்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அடப் பாவமே! இங்க கம்பெனி பஸ்ஸுக்குத்தான் ஃபெரின்னு பேரு. நான் ஆல இருக்கற லைங் தாயாவுலேருந்து பஸ்ஸுல வந்தேன். ரோட்டுக்கு வாங்க."

ஸ்ட்ராண்டு ரோட்டு ஓரத்தில் குடை பிடித்து நின்றிருந்தார். ஒல்லி உடம்பு, நல்ல கறுப்பு, கையில் சாப்பாட்டுக் கேரியர். தலைமுடியில் அங்கங்கே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு துணி ஆலையில் சட்டைக் காலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. முப்பது வருஷம் மேடையில் பாடிய பெண்ணை நான் இப்படி எதிர்பார்க்கவில்லை, அதை முகத்தில் காட்டாமல் இருக்கத் திண்டாடினேன்.

தேநீர்க் கடையில் முக்காலி மாதிரிக் குட்டிக் குட்டி நாற்காலிகள். என் தொந்திக்கு அது சரிப்படவில்லை. பக்கத்தில் ஒருவர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார், காகிதம் மாதிரி மெல்லிசாக, உள்ளே தேங்காயும் அவித்த பட்டாணியும் வைத்து. "சட்னி கேட்டு வம்பு பண்ணாதீங்க, குடுத்தத சாப்டுங்க" என்றார் அக்கா.

அவர் கதையை நான் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு முனிசிபாலிட்டி வேலை. அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காசிம் பாய் கடையிலிருந்துதான் மைக் செட் வரும். ஒயரைச் சரி செய்ய வந்த காசிம், பஜனையில் பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரலைக் கேட்டுவிட்டு, நேராக அப்பாவிடம் போய், பாட அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கிறார்.

"அப்பா ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டாரு. பொம்பளப் புள்ள பின்னால நின்னு பாடட்டும், முன்னால நிக்கக் கூடாது. அதான், பின்னாலேயே நின்னுட்டேன்."

ஓட்டல்கள், கல்யாணங்கள், ஊர் ஊராகப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா மேடைகள். பெரிய பாடகர்களின் கேசட்டுகளில் எல்லாம் அவர் குரல் பின்னால் இருக்கிறது, பெயர்தான் எதிலும் கிடையாது. ஒரே ஒரு கேசட் மட்டும் அவர் தனியாகப் பாடி வந்ததாம். பர்மிய மொழியில் ஒரு பெண் பாடிய ரெகே, அப்போது புதுசு. கேசட் கடைக்கு வந்ததும் ஆசையாக ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். அட்டையில் வேறொரு பெண்ணின் படம்.

"என்னக்கா சொல்றீங்க!"

"ஆமா. என் குரலு, வேற புள்ள மூஞ்சி. நான் கறுப்பில்ல? அவங்களுக்கு ரெகே வேணும், கறுப்பு வேணாம்." தேநீரை ஊதிக் குடித்தார். "காசிம் பாய் போயி அந்தக் கம்பெனிக்காரன் சட்டையப் புடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் அவருக்கும் அங்க வேலை இல்ல. யபாதே, யபாதேன்னேன், பரவால்ல விடுங்கன்னு. நான் திரும்பப் பின்னாலயே போயிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரென்றே தெரியாத அந்தக் கம்பெனிக்காரனை மனதுக்குள் தமிழில் நன்றாகத் திட்டினேன். அக்கா கோபப்படவில்லை. இப்போது பாடுவதில்லையா என்று கேட்டதற்கு, "எங்க பாடறது? காலம் இப்பிடி இருக்கு. பேஸ் கிட்டார் வாசிச்சவரு தாய்லாந்து போயிட்டாரு, டிரம்ஸ்காரரு மலேசியாவுல. மெசின் சத்தத்துல நானா முணுமுணுப்பேன், அவ்ளோதான்" என்றார். பஸ் ஏறும்போது திரும்பி, "அவரு கடேசியா பாடறப்ப மொகம் எப்பிடி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். "நான் முப்பது வருசமும் அவரு முதுகத்தான் பாத்தேன். மொகம் அவ்வளவா பாத்ததில்ல."

சனிக்கிழமை மேலாளரிடம் கெஞ்சி மத்தியானத்தோடு வந்துவிட்டார். கோ ஸோ என்ற பர்மியர் போட்டாதாங்கில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் பதிவுக்கூடம் வைத்திருக்கிறார். தமிழ் தெரியாது, ஆனால் என்னை "ஸயா, ஸயா" என்று வாத்தியார் மரியாதையோடு கூப்பிட்டார். அக்காதான் எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சை மொழிபெயர்த்தார். கீழே ஜெனரேட்டர், மேலே தகரக் கூரை. மழை பெய்தால் பதிவு செய்ய முடியாது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் சத்தத்தில் பதிவு செய்ய முடியாது. இரண்டும் ஓய்கிற இடைவெளியில்தான் வேலை. நாங்கள் எடுக்க வந்த அந்தக் கடைசிப் பாட்டு, அவர்கள் மேடையில் பாடிப் பழகியது, பெயரே 'மழை நிற்கட்டும்' என்பதுதான். கோ ஸோ கூரையைப் பார்த்து அந்த வரியைப் பாடிக் காட்டிச் சிரித்தார்.

நான் டிஸ்க்கை மாட்டிப் பாட்டைப் போட்டேன். இந்தப் பாட்டுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நோயாளி மனிதர், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுப்பது ரம்பம் அறுக்கிற மாதிரி கேட்கும். அவரை ஜனங்கள் அப்படிக் கேட்கக் கூடாது, கம்பீரமாகக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு மூச்சாக உட்கார்ந்து வெட்டி எடுத்தேன். கடைசியில் குரல் சுத்தமாக, வியாதிக்கு முந்தைய குரல் மாதிரியே வந்திருந்தது. அக்கா கேட்டால் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

பல்லவியில் இருவரும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும். ரெகேயில் காசிம் பாய் தாளத்தோடு வருகிற ஆள் இல்லை, கொஞ்சம் பின்தங்கித்தான் வருவார், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். காசிம் பாய் நுழைந்தார். அக்கா பிந்தி நுழைந்தார். மறுபடி போட்டோம். இப்போது முந்திவிட்டார். மறுபடி. மறுபடி. கோ ஸோ கையைத் தட்டி எண்ணிக் காட்டினார், நான் விரலால் சைகை செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முப்பது வருஷமாகச் சேர்ந்து பாடியவர், வாசற்படி தெரியாதவர் மாதிரி ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தார்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என் தொண்ட போச்சு தம்பி. பஞ்சு தின்ன தொண்ட. வேற சின்னப் புள்ள யாரையாச்சும் வச்சுப் பாடிக்கங்க."

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. பாய் உங்களத்தான் கேட்டாரு."

"அவரு அதுல இல்லவே இல்லியே தம்பி! அவரு மாதிரி யாரோ பாடறாங்க. நான் யாரு கூடப் போயிச் சேரறது?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். குடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அவருக்காக வருத்தப்படுவதற்கு முன்னால் என் வேலையைக் குறை சொல்லிவிட்டாரே என்றுதான் எனக்கு முதலில் ரோஷம் வந்தது. திங்கட்கிழமை எனக்கு விமானம். வெறுங்கையோடுதான் திரும்பப் போகிறேன் என்று கோ ஸோவின் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதி வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவித்த பட்டாணி விற்கிற பெண் தலையில் தட்டோடு தெருவில் வந்தாள். எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். அவ்வளவுதான், இன்னும் கத்தவே இல்லை, எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அப்புறம்தான் "பே...ப்யோ...க்" என்று தெருவே அதிர்கிற மாதிரி கத்தல் வந்தது. மாடிப் பெண் தற்செயலாகத் திறந்திருக்கலாம். ஆனால் என் கையில் தேநீர் அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருஷம் அக்கா அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறார். மூச்சு இழுத்தால் தோள் உயரும். அதைப் பார்த்து, அதைக் கேட்டு உள்ளே நுழைந்து பழகியவருக்கு, நான் மூச்சையே வழித்து எடுத்துவிட்டுக் குரலை மட்டும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அட முட்டாளே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். பட்டாணிக்காரி தன்னைத்தான் சொல்கிறேன் என்று முறைத்தாள். ஒரு பொட்டலம் வாங்கிச் சமாதானம் செய்தேன்.

சென்னைக்குப் போன் போட்டு என் மனைவி ஜெயந்தியை எழுப்பினேன். கூடத்தில் பாதி வேலை அவளுடையதுதான்.

"காசிம் பாய் குரல், நான் வெட்டறதுக்கு முந்தினது, இருக்கா ஜெயந்தி?"

"நீதான் எதையும் தூக்கிப் போட மாட்டியே. 'குப்பை'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருக்க, அதுல இருக்கும்."

"அத உடனே அனுப்பு. குரல் தனியா, அன்னைக்கு மொத்தமா பதிஞ்சது தனியா. சுருக்கி அனுப்பு, இங்க இணையம் நொண்டுது."

"என்னத்த வெட்டின?"

சொன்னேன். "மனுஷன் மூச்சையா குப்பைல போட்ட?" என்று கேட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கோப்பு எறும்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. டாக்சி பிடித்து லைங் தாயாவுக்குப் போனேன். ஆலைகளுக்குப் பின்னால் மூங்கில் தட்டி வைத்த அறைகள், வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. விசாரித்துக் கண்டுபிடித்தேன். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

"வேணாம் தம்பி. என்னிய விட்டுருங்க."

"பாட வேணாம்கா. ஒரு தடவ கேளுங்க, போதும். தப்பு உங்க தொண்டையில இல்ல, என் கத்தரிக்கோலுல." என்ன செய்து வைத்தேன் என்று சொல்லி, இயர்போனை நீட்டினேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி மாட்டினார். நான் பாட்டைப் போட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லவி வருகிற இடத்தில் அவருடைய தோள் தானாக மேலே எழும்பியது. வாய் திறந்தது. சத்தமில்லாமல் அவர் நுழைந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இவ்ளோ கஷ்டப்பட்டாரா மூச்சுக்கு?"

"ஆமாக்கா."

"இவருதான். இவருதான் தம்பி." கன்னத்தைத் துடைத்துவிட்டு, துவைக்காத துணியை அப்படியே வாளிக்குள் தள்ளினார். "வண்டி வச்சிருக்கீங்களா? வாங்க போவோம்."

கிடங்கு மாடியில் கோ ஸோ, காலையில் நான் கோப்போடு கொடுத்துவிட்டுப் போயிருந்த பட்டாணிப் பொட்டலத்தைக் காலி செய்துகொண்டு காத்திருந்தார். மழை விட்டிருந்தது, மின்சாரமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வாய்த்த அந்த அதிசயத்தை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, கண் பட்டுவிடுமே. பதிவை ஓட விட்டேன். ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு மூச்சு, அதன் பின்னாலேயே இருவரும் ஒன்றாக. ஒரு பிசிறு இல்லை. அவர் இழுத்த இடத்தில் இவரும் இழுத்தார், அவர் திணறிய இடத்தில் இவர் குரல் அடியில் போய்த் தாங்கிக்கொண்டது. பஞ்சு தின்ற தொண்டை என்றாரே, அந்தக் கரகரப்பும் பாட்டுக்குப் பொருந்திப் போயிற்று.

கடைசிப் பல்லவி முடிந்தது. நிறுத்தக் கை நீட்டினேன். சென்னையில் நான் இந்த இடத்தோடுதான் வெட்டியிருந்தேன். அதற்கு மேல் வெறும் வாத்தியம்தான். அன்றைக்குப் பாட்டு முடிந்தும் காசிம் பாய், வாசியுங்கள், வாசியுங்கள் என்று எங்கள் ஆட்களுக்குக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாட நினைத்து முடியாமல் போய்விட்டது பாவம் என்று எண்ணி அந்த வாலையும் நறுக்கிவிட்டிருந்தேன். இப்போது கோ ஸோ என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கு ஏதோ கேட்டிருக்கிறது.

எனக்கும் கேட்டது. ஒரு மூச்சு. மற்றதையெல்லாம்விட நீளமாக, வேண்டுமென்றே மைக்குக்குப் பக்கத்தில் வந்து இழுத்த மூச்சு. அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

அவர் முடியாமல் நிற்கவில்லை. ராணி அக்காவுக்கு வழி விட்டிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் பதிலுக்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு எட்டு முன்னால் வந்து, மைக்கை நெருங்கி, 'மழை நிற்கட்டும்' என்று தனியாக எடுத்தார். அது முன்னால் நிற்பவர் பாடுகிற வரி. மேடையில் ஒரு நாளும் அவர் பாடியிராத வரி. பாடிவிட்டு, பதில் வரி வர வேண்டிய இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார். பின்னால் யாரும் இல்லை. வாத்தியம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் தன் வரியை எடுத்தார், மறுபடியும் காத்திருந்தார், பாட்டு முடியும்வரை அப்படியே.

முடிந்ததும் அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"இதுக்குப் பின்பாட்டு யாரு பாடறது?"

"நீங்களே இன்னொரு டிராக்குல பாடிடுங்கக்கா."

"எனக்குப் பின்னால நானே நிக்கவா? முப்பது வருசம் நின்னாச்சு. நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க."

எனக்குப் பாட வராது. கல்யாணமான புதிதில் ஜெயந்திக்கு ஒரு பாட்டு பாடிக் காட்டினேன், அதோடு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை. அதைச் சொன்னேன். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கோ ஸோவிடம் பர்மிய மொழியில் ஏதோ அதட்டினார். அவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். இருவரும் அவருக்குப் பின்னால் போய் நின்றோம். 'நின்றதும் போகலாம்' என்பது பதில் வரி. பர்மிய மொழியில் அதை எனக்கு நாலைந்து முறை சொல்லிக்கொடுத்தார்.

"எப்போ நுழையறதுக்கா?" என்று கேட்டேன்.

"தாளத்த எண்ணாதீங்க. என்னியப் பாருங்க."

கோ ஸோ பதிவை ஓட விட்டுவிட்டு ஓடி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். காசிம் பாய் இழுத்த கடைசி மூச்சு ஹெட்போனில் வந்தது. அக்கா தன் வரியைப் பாடி முடித்தார். அவர் கழுத்துக்குப் பின்னால் முடியில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோள் மேலே எழும்பியது. நாங்கள் நுழைந்தோம்.